ரீல் கைப்பிடி எந்தப் பக்கம்? காவேரிப்பாக்கம் ஏரியில் நழுவிய மூன்று மீன்கள்

தை மாதக் காலை, ஆறரை மணி இருக்கும். காவேரிப்பாக்கம் ஏரி அந்த வருஷம் உபரி நீர் வழியும் கடைவாசல் வரை தண்ணீரோடு நின்றது. அல்லிக்கொடி ஓரமாகத் தம்பி வீசிய தவளை ஃப்ளை (தவளை மாதிரி இறகும் நூலும் கட்டிய முள்) சத்தமில்லாமல் விழுந்தது. இரண்டு சின்ன இழுப்பு. மூன்றாவதுக்கு முன்பே தண்ணீர் வெடித்தது. விரால். இடது கையில் இருந்த லைனைச் சுண்டி இழுத்து முள்ளைப் பதித்தார். ராட், அதாவது தூண்டில் கோல், நன்றாக வளைந்தது. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ரீல் கைப்பிடியைப் பிடிப்பதற்காக ராடை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். மாற்றி முடித்தபோது ராட் நிமிர்ந்து நின்றது, லைன் தொங்கியது.

"இன்னாண்ணா இது, கை மாத்தறதுக்குள்ள போயிடுச்சே" என்றார்.

ஒரு மீன் போவது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பருவத்தில் இதேபோல மூன்று முறை நடந்தது. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று முதலில் நினைத்தோம். அது சரியில்லை என்று பிறகு தெரிந்தது. நான்கு மாதம் ஏரிக்கரையிலும் வீட்டு மொட்டைமாடியிலும் நாங்கள் பார்த்ததை எழுதிவைக்கிறேன். ஃப்ளை மீன்பிடிப்பில் எந்தக் கையால் ரீலைச் சுற்றுவது என்று யோசிப்பவர்களுக்கு, குறிப்பாக நம் ஏரிகளில் பிடிப்பவர்களுக்கு, இது உதவும்.

ஆளும் கருவியும்

தம்பி என்று நான் சொல்பவர் குடியாத்தத்துக்காரர், நெசவுக் குடும்பம். வேலை ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரப் பாகங்கள் கடையும் பிரிவில். எனக்கு ஊர் காட்பாடி. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போவோம். ஏரியில் மீன்பிடி உரிமை எடுத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்குவோம்; பிடிப்பதில் பெரும்பகுதியைத் திரும்ப விட்டுவிடுவோம். தம்பி சோற்றுக்கைக்காரர். ஃப்ளைக்கு வரும் முன் மூன்று வருஷம், கைப்பிடி வலப்பக்கம் இருக்கும் பெய்ட்காஸ்டர் ரீலில் (ராடின் மேல் உட்காரும் வகை) பிடித்துப் பழகியவர். ஃப்ளை ரீல் வாங்கியதும் அதையும் வலப்பக்கமே வைத்துக்கொண்டார். ராட் ஒன்பது அடி, எட்டாம் எண் எடை லைனுக்கானது.

ஃப்ளை மீன்பிடிப்புக்குப் புதியவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மற்ற தூண்டிலில் ஈயமோ தக்கையோ உலோக மீனோ எடை தருகிறது. நரம்பு அதன் பின்னால் போகிறது. இங்கே ஃப்ளைக்கு எடையே கிடையாது. முள்ளில் கட்டிய இறகும் நூலும்தான். எடை லைனில் இருக்கிறது. எட்டாம் எண் லைனின் முதல் 30 அடி ஏறக்குறைய 13.6 கிராம். அந்த எடையைத்தான் ராட் முன்னும் பின்னும் வீசுகிறது. மொத்த லைன் சுமார் 27 மீட்டர். அதற்குப் பின்னால் பேக்கிங் என்கிற மெல்லிய பின்னல் நூல்.

இதனால் இரண்டு கைக்கும் வெவ்வேறு வேலை. வலக்கை வீசுகிறது. இடக்கை லைனைப் பிடித்து, விட்டு, இழுத்து, ஃப்ளைக்கு உயிர் கொடுக்கிறது. மீன் கடித்தால் முள்ளைப் பதிப்பதும் அதே இடக்கைதான். இத்தனையும் நடக்கும்போது ரீல் சும்மா தொங்குகிறது. ரீல் மாட்டிய மற்ற தூண்டிலில் ரீல் இல்லாமல் ஒன்றுமே ஓடாது. இங்கே அது முதலில் லைன் வைத்திருக்கும் பெட்டி, பெரிய மீன் ஓடும்போது மட்டும் பிரேக். கை எது என்ற கேள்வி ஃப்ளையில் தனிக் கேள்வியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நழுவிய மூன்றும்

முதலாவதை மேலே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, மாசியில். கரையோரம் யாரோ பொரி கொட்டியிருந்தார்கள். பொரிக்கு வந்த ரோகுக் கெண்டைகளுக்கு, ரப்பர் செருப்பின் வெள்ளை நுரையை வெட்டிக் கட்டிய ஃப்ளை போட்டார். கடித்தது நல்ல மீன். ஓட ஆரம்பித்தது. காலடியில் சுருள் சுருளாகக் கிடந்த லைன் மேலேறிப் போய்க்கொண்டிருந்த நேரம் பார்த்து ராடைக் கை மாற்றினார். ஒரு சுருள் ராடின் அடிக்கட்டையில் மாட்டியது. மாட்டியதும் லீடர் (லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டும் மெல்லிய நரம்பு) அறுந்தது. மீனின் வாயில் முள் போனது எனக்கு அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவதும் விரால். இந்த முறை கை மாற்றம் சுத்தமாக நடந்தது. ஆனால் கை மாற்றிச் சுற்றத் தொடங்குவதற்குள் விரால் அல்லி வேருக்குள் புகுந்துவிட்டது. பத்து நிமிஷம் இழுத்துப் பார்த்து, கடைசியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய், காலியான முள்ளைக் கொடியிலிருந்து எடுத்து வந்தோம்.

நான் கைபேசியில் எடுத்திருந்த படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். கைப்பிடி வலப்பக்கம் இருந்தால் முள் பதிந்த பிறகு நடப்பது இது: வலக்கை ஆள்காட்டி விரல் லைனைக் கட்டையோடு சேர்த்து அழுத்துகிறது. இடக்கை லைனை விடுகிறது. இடக்கை ராடைப் பிடிக்க வருகிறது. இடக்கை விரல் லைனை அழுத்துகிறது, வலக்கை விரல் விடுகிறது. வலக்கை கீழே போய்க் கைப்பிடியைத் தேடுகிறது. கைப்பிடி இடப்பக்கம் இருந்தால்? வலக்கை விரல் அழுத்துகிறது. இடக்கை லைனை விட்டுக் கைப்பிடிக்குப் போகிறது. அவ்வளவுதான். ராட் இருந்த கையிலேயே இருக்கிறது. முதல் வகைக்குத் தம்பிக்கு இரண்டு நொடிக்கு மேல் ஆனது. அந்த இரண்டு நொடியில் ஒரு கணம் லைனை அழுத்த எந்த விரலும் இல்லை. விரால் தலையை உதறுவது அந்தக் கணத்தில்தான்.

சரி, முதல் இரண்டுக்கும் விடை கிடைத்தது. மூன்றாவதுக்கு இந்த விடை பொருந்தாது. அந்த விராலை ரீலால் இழுக்கப் போனதே தவறு. கொடிக்குள் பிடிக்கும் விரால் ஐம்பது மீட்டர் ஓடாது. இரண்டு மீட்டர் ஓடி வேரில் சுற்றிக்கொள்ளும். அதற்கு ரீலே வேண்டாம். முள் பதித்த அதே இடக்கையால் லைனை முழ முழமாக இழுத்து, நிற்காமல் வெளியே கொண்டுவர வேண்டும். என் குறிப்பேட்டைப் பார்த்தேன். அந்தப் பருவத்தில் அதுவரை தம்பி பிடித்தது 26 மீன், பெரும்பாலும் ஜிலேபியும் சின்ன கெண்டையும். ரீல் கைப்பிடியை உண்மையில் தொட வேண்டியிருந்தது அவற்றில் நான்கு முறைதான். "எந்தக் கையால் சுற்றுவது" என்பதற்கு முன்னால் "இந்த மீனுக்குச் சுற்ற வேண்டுமா" என்று கேட்டிருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

பக்கம் மாற்றியதில் வந்த கோளாறு

கைப்பிடியை இடப்பக்கம் மாற்றலாம் என்று முடிவு செய்தோம். வாங்கிய கடையில் கேட்டபோது, "திருப்பி மாட்டிக்கோங்க, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தார்கள். அவ்வளவு இல்லை.

ரீலை அப்படியே திருப்பி மாட்டினால் லைன் சுற்றப்பட்ட திசை தலைகீழாகிவிடும். முழு லைனையும் பேக்கிங்கையும் வெளியே எடுத்து, எதிர்த்திசையில் மறுபடி சுற்ற வேண்டும். இதைத் தம்பி செய்தார். தூணிலிருந்து தூணுக்கு லைனை ஓட்டி, மொட்டைமாடியில் ஒரு மாலை முழுக்க வேலை. ஆனால் உள்ளே இருக்கும் ஒருவழி பேரிங்கைத் திருப்பவில்லை. பிரேக் ஒரு திசைக்கு மட்டும் பிடிப்பதற்குக் காரணம் அந்த பேரிங்தான். அதைத் திருப்பாவிட்டால் மீன் இழுக்கும்போது பிரேக் இல்லாமல் ஸ்பூல் (லைன் சுற்றியிருக்கும் உருளை) சுழலும். நாம் சுற்றும்போது பிரேக் நம்மையே எதிர்க்கும்.

அடுத்த ஞாயிறு ஒரு சுமாரான கெண்டை ஓடியது. ஸ்பூல் லைனைவிட வேகமாகச் சுழன்று, உள்ளே குருவிக்கூடு மாதிரி சிக்கல். மீன் எப்படியோ கரைக்கு வந்தது. சிக்கல் அவிழ்க்க முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து ஸ்பூலைக் கழற்றி, வளையத்தை எடுத்து, பேரிங்கை வெளியே இழுத்து, திருப்பிப் போட்டார். கடைசல் வேலை தெரிந்த கை, ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

சரியாக மாட்டியிருக்கிறதா என்று கரைக்குப் போகும் முன்பே பார்த்துவிடலாம். ராடுக்குக் கீழே ரீல் தொங்கும் நிலையில், லைன் ஸ்பூலின் அடிப்பக்கத்திலிருந்து முன்னோக்கி வர வேண்டும். கைப்பிடி மேலே வரும்போது முன்னோக்கிப் போகும்படி சுற்றினால் லைன் உள்ளே வர வேண்டும், லேசாகச் சுற்ற வேண்டும். கையால் லைனை வெளியே இழுத்தால் பிரேக் தெரிய வேண்டும். எல்லா ரீலையும் இப்படித் திருப்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1891-லிருந்து வந்த ஹார்டி பெர்ஃபெக்ட் மாதிரியான பழைய வகை ரீல்களை வாங்கும்போதே எந்தக் கைக்கு என்று சொல்லி வாங்க வேண்டும். பழைய ரீல் கைக்கு வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ராட்டை

பக்கம் மாறியது, கை மாறவில்லை. தம்பியின் இடக்கை சுற்றும்போது ராடின் நுனி அதோடு சேர்ந்து வட்டம் போட்டது. நுனி ஆடினால் லைன் ஒரு இறுக்கம் ஒரு தளர்வு என்று போகும். முள்ளில் தாடி (மீன் கழலாமல் தடுக்கும் பின்கூர்) இல்லாமல் பிடிப்பவர்களுக்கு அந்தத் தளர்வே போதும், மீன் கழன்றுவிடும். இன்னொரு சிக்கலும் இருந்தது. ஃப்ளை ரீலில் லைனைப் பரப்பிச் சுற்றும் அமைப்பு கிடையாது. ராட் பிடித்த கையின் சுண்டுவிரல்தான் லைனை இடமும் வலமும் ஓட்டிப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் மேடாகி, சட்டத்தில் உரசி நின்றுவிடும்.

இதைப் பற்றி அவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா உள்ளே ராட்டையில் தார் (தறிக்கு நூல் சுற்றும் குழல்) சுற்றிக்கொண்டிருந்தார். ராட்டைச் சக்கரத்தை வலக்கை சுற்றுகிறது. இடக்கை விரல்களுக்கு நடுவில் நூல் ஓடுகிறது. தாரின் மேல் அது முன்னும் பின்னும் சீராகப் படிகிறது. சின்ன வயதிலிருந்து தம்பியும் பள்ளிவிட்டு வந்து சுற்றியிருக்கிறார். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா சக்கரத்தை நிறுத்தாமலேயே சொன்னார்: "சுத்தற கை எந்தக் கையா இருந்தா இன்னா நைனா, நூல் புடிக்கிற கைதானே வேலை செய்யுது."

எனக்கு அது தெளிவான தீர்ப்பாகப் பட்டது. ராடையும் லைனையும் ஆள்வது நல்ல கை; சுற்றுவது வெறும் சுற்றல், அதை மற்ற கைக்குக் கொடு. ஆனால் தம்பி விடவில்லை. "எனக்கு நூல் புடிக்கிற கை நொட்டாங்கைதானே ண்ணா? அப்போ பழையபடி வலது கைல சுத்தறதுதான் சரி." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வலக்கை சுற்ற, இடக்கை விரல் நூலைப் பரப்ப என்று அவர் உடம்பு முப்பது வருஷமாகப் பழகியிருக்கிறது. பெய்ட்காஸ்டர் பழக்கம் என்று நான் நினைத்தது ராட்டைப் பழக்கமும்தான். வலப்பக்கம் வைத்தவர்கள் எல்லாரும் யோசிக்காமல் வைத்தவர்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றோடு அதை விட்டேன்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதிலைப் பயிற்சிதான் கொடுத்தது. தினமும் இரவு பத்து நிமிஷம், மொட்டைமாடியில். லைனின் நுனியில் அரைச் செங்கல்லைக் கட்டி, தரையில் இழுத்துச் சுற்றுவது. ராடின் நுனிக்கு நேராகச் சுவரில் சுண்ணாம்புக் கோடு. நுனி கோட்டைவிட்டு விலகக் கூடாது. தோளிலிருந்து சுற்றாமல் முன்னங்கையிலிருந்து சுற்றினால் ஆட்டம் பாதி குறைகிறது என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்தார். வலக்கைச் சுண்டுவிரல் லைனைப் பரப்ப இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டது. இடக்கைச் சுற்றல் சீராக ஐந்து வாரம் ஆனது. கடைசியாக வந்த பழக்கம், சுற்றுவதை விடுவது. மீன் ஓட ஆரம்பித்ததும் கைப்பிடியை உடனே விட வேண்டும். கியர் இல்லாத ரீல் அது. மீன் இழுத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் மூட்டில் அடிக்கும். வலக்கை தானாக விட்டது, இடக்கைக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. அவருடைய இடக்கை நடுவிரல் மூட்டு இரண்டு முறை வீங்கியது.

வேலூரில் இருந்துகொண்டு கை கற்றுக்கொள்ளாது என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 1946-ல் இங்குள்ள சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் நல்ல தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையை இங்கேதான் வளர்த்தெடுத்தார். அறுவையோடு வேலை முடிவதில்லை. ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்த தசை இனி வேறு வேலை செய்ய வேண்டும் என்பதை நோயாளி பல வாரம் உட்கார்ந்து பழக வேண்டும். அப்படிப் பழகி, மறுபடி கையால் தொழில் செய்தவர்கள் இந்த ஊரில் உண்டு. அதோடு ஒப்பிட்டால் கைப்பிடி சுற்றுவது மிகச் சின்னப் பாடம்.

ஆக, சுற்றுவதையும் பரப்புவதையும் எந்தக் கைக்கும் கற்றுக்கொடுக்கலாம். ராட் கை மாறும்போது லைனை எந்த விரலும் பிடிக்காத அந்தக் கணத்தை எவ்வளவு பழகினாலும் முழுவதும் அழிக்க முடியவில்லை, குறைக்கத்தான் முடிந்தது. கைப்பிடி இடப்பக்கம் போக வேண்டும் என்று நான் தம்பிக்குச் சொன்னதற்குக் காரணம் இதுதான், வேறு இல்லை.

வலப்பக்கத்துக்காரர்கள் சொல்வதும் சரிதான், எங்கே என்றால்

கணக்கைப் பாருங்கள். லைன் நிறைந்த ஸ்பூலின் விட்டம் 8 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 25 சென்டிமீட்டர் உள்ளே வரும். மீன் 60 மீட்டர் ஓடிவிட்டால், வெளியே போன லைனால் ஸ்பூல் மெலிந்துவிடுகிறது. விட்டம் 5 சென்டிமீட்டருக்கு இறங்கினால் ஒரு சுற்றுக்கு 16 சென்டிமீட்டர்கூட இல்லை. 60 மீட்டரையும் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 300 சுற்று. சாதாரண ஸ்பின்னிங் ரீலில் ஒரு சுற்றுக்கு அறுபது எழுபது சென்டிமீட்டர் வரும், அதில் இந்த வலி தெரியாது.

அதிலும் மீன் திரும்பி நம்மை நோக்கி ஓடிவந்தால் மின்னல் வேகத்தில் சுற்ற வேண்டும். கடலோர ஃப்ளை மீன்பிடிப்பில் நல்ல கையால்தான் சுற்ற வேண்டும் என்று வாதிடுபவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அங்கே மீன் முதல் ஓட்டத்திலேயே எல்லா லைனையும் இழுத்து நேராக்கிவிடும். அது ஓடும்போது சுற்ற வேண்டிய வேலை இல்லை, நிதானமாகக் கை மாற்ற நேரம் இருக்கிறது. அப்புறம் நீண்ட சண்டையில், காலையெல்லாம் வீசிக் களைத்த வலத்தோளுக்கு ஓய்வு. ராடை இடக்கை தாங்கும். நான் பல வருஷமாக வலப்பக்கம் வைத்திருப்பதும் இதனால்தான். வருஷத்தில் பாதி நாள் கடலோரம், பழவேற்காட்டுப் பக்கம் போகிறவன் நான்.

சித்திரை முதல் வாரம் தம்பிக்கே இது நேர்ந்தது. தண்ணீர் வற்றி, கொடி இல்லாத திறந்த பகுதியில் ஒரு கட்லா பொரி ஃப்ளையை எடுத்தது. பேக்கிங் வெளியே வந்தது. எங்கள் ஏரியில் ஃப்ளையில் பேக்கிங் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு அவருடைய இடது முன்னங்கை இறுகிப்போனது. ராடை வயிற்றில் ஊன்றிக்கொண்டு, பத்து சுற்று, நிறுத்தம், பத்து சுற்று என்று கொண்டுவந்தார். வலை போடும்போது மீன் நாலு கிலோவுக்குக் குறையாது. விடும் முன் தண்ணீருக்குள்ளேயே நெடுநேரம் நிமிர்த்திப் பிடித்திருந்தோம். வால் அடித்துத் தானே போனது. வலக்கையால் சுற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும், மீனுக்கும் களைப்பு குறைந்திருக்கும். அதை மறைக்கத் தேவையில்லை.

கணக்கும் முடிவும்

இடப்பக்கம் மாற்றி, பேரிங் கோளாறு தீர்ந்த பிறகு, சித்திரை முடிய அவர் முள் பதித்தது 20 மீன். ரீலுக்குப் போனது 5. கை மாற்றத்தில் நழுவியது இல்லை. ராட் நுனி ஆடியதால் ஒன்று கழன்றது, அது பயிற்சியின் தொடக்கத்தில். கொடிக்குள் கடித்த விரால்களை ரீலைத் தொடாமல் கையாலேயே இழுத்தார். அவற்றில் ஒன்றுதான் வேருக்குள் போனது. எண்ணிக்கை சிறியது, ஒருவருடைய கை, ஒரே ஏரி. ஆனாலும் என் கண்ணால் பார்த்த வித்தியாசம்.

தம்பி ஏரிக்கு இடப்பக்கத்தையே வைத்துக்கொள்ளப் போகிறார். வைகாசியில் பெரிய ஸ்பூல் உள்ள இன்னொரு ரீல் வாங்கி, அதையும் இடப்பக்கத்துக்கே அமைத்துவிட்டார்.

பழைய ரீலை அக்கா மகனுக்குக் கொடுத்தார். பையனுக்குப் பதினொரு வயது, பிறவியிலேயே இடக்கைக்காரன். சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் சோற்றுக்கையைப் பழக்கச் சொல்லி வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி இப்போதுதான் ஓய்ந்திருக்கிறார்கள். தூண்டிலிலும் முதல் நாள் யாரோ ராடை அவன் வலக்கையில் திணித்தார்கள். தம்பி அதை வாங்கி மறுபடி இடக்கையில் கொடுத்தார். இடக்கையால் வீசுகிறவனுக்குக் கைப்பிடி வலப்பக்கம்தான் இருக்க வேண்டும்; ராட் கை மாறக் கூடாது என்ற அதே காரணம். அதனால் மொட்டைமாடியில் மறுபடி தூணிலிருந்து தூணுக்கு லைனை ஓட்டி, எதிர்த்திசையில் சுற்றினோம். இந்த முறை பேரிங்கை முதலிலேயே திருப்பிவிட்டோம்.